உருகும் கடிகாரத்துக்கு எவ்வளவு டியூட்டி?

தொடக்கக் கேள்வி, பிப்ரவரி 2

மாடர்ன் ஆர்ட், கனவு மாதிரி வரைகிற சர்ரியலிசம் என்பதெல்லாம் சுத்த ஏமாற்று என்பது என் கட்சி. டேப் போட்டுச் சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 62 லட்சம் டாலருக்குப் போகிறது. கடிகாரம் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி வழிகிறது, அதைப் பார்த்து உலகமே வாயைப் பிளக்கிறது. வரையத் தெரியாதவன் கண்டுபிடித்த பிழைப்பு இது. தப்பென்றால் யாராவது எனக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். "உணரணும், புரிஞ்சுக்க முயலக் கூடாது" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.

பதில், பிப்ரவரி 2, இரவு 10.40

எனக்குத் தெரிந்தது துறைமுகத் தமிழ்தான், பரவாயில்லையா பாருங்கள். நான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட். பெட்டிக்குள் இருப்பது என்ன, எந்த ஹெச்.எஸ். கோடில் (சரக்கு வகை எண்) வரும், எவ்வளவு டியூட்டி (சுங்கவரி) என்று எழுதிக் கொடுப்பதுதான் 31 வருஷமாகப் பிழைப்பு. "இது கலையா?" என்று கேட்டால் விமர்சகர் நாலு பக்கம் பேசிவிட்டு நழுவிவிடலாம். ஷெட்டில் நின்று சரக்கை மதிப்பிடுகிற அப்ரைசரால் நழுவ முடியாது. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எண் போட்டாக வேண்டும்.

அப்படி எண் போடப்போய் அமெரிக்க அரசாங்கம் கோர்ட்டில் நின்ற கதை ஒன்று உண்டு. 1926 அக்டோபரில் 'பாரிஸ்' என்ற கப்பல் நியூயார்க்குக்கு வருகிறது. அதில் பிரான்குசி என்ற ருமேனியச் சிற்பியின் 20 சிற்பங்கள். கூடவே வந்தவர் மார்செல் துஷாம்ப். ஆமாம், 1917இல் சிறுநீர்க் கோப்பையில் 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினாரே, அவரேதான். சரக்குக்குத் துணையாக அனுப்ப நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு பெட்டியில் 'வான்வெளியில் பறவை' என்ற வெண்கலம் இருந்தது. அலகு கிடையாது, இறக்கை கிடையாது. ஆள் மார்பு உயரத்துக்குப் பளபளவென்று, நடுவில் லேசாகப் பருத்து மேலே கூர்ந்து போகிற ஓர் உருவம். கலைப்பொருள் என்றால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வரி இல்லை. பரிசோதித்தவர்கள் பார்த்தார்கள், 'சமையலறைச் சாமான்கள், மருத்துவமனைப் பொருட்கள்' என்ற வகையில் தள்ளி 40 சதவீதம் போட்டுவிட்டார்கள். சிற்பத்தை வாங்கியவர் ஸ்டைக்கன் என்ற புகைப்படக்காரர். 600 டாலர் சாமானுக்கு 240 டாலர் வரி. சிற்பி வழக்குப் போட்டார்.

1916இல் வந்த ஒரு பழைய தீர்ப்புப்படி, இயற்கையில் உள்ளதை அதனதன் அளவில் அப்படியே செய்தால்தான் சிற்பம். அதனால் 1927இல் நடந்த விசாரணை முழுக்க "இது பறவையா இல்லையா" என்பதிலேயே சுற்றுகிறது. காட்டில் இதைப் பார்த்தால் பறவை என்று நினைத்துச் சுடுவீர்களா என்று நீதிபதி கேட்கிறார். சுட மாட்டேன் என்கிறார் ஸ்டைக்கன். கைதேர்ந்த மெக்கானிக் ஒருவன் பித்தளைக் கம்பியை இப்படித் தேய்த்துக் கொண்டுவர முடியாதா என்று எப்ஸ்டைன் என்ற சிற்பியிடம் கேட்கிறார்கள். தேய்க்கலாம், இதை மனசில் கருக்கொள்ள அவனால் முடியாது என்கிறார் அவர்.

1928 நவம்பர் 26இல் தீர்ப்பு பிரான்குசி பக்கம் வந்தது. பறவை என்று பொருத்திப் பார்ப்பது கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது, புதுப் பள்ளி ஒன்று வளர்ந்து வருகிறது, அவர்கள் உருவத்தை விட்டுக் கருத்தை வடிக்கப் பார்க்கிறார்கள் என்ற மாதிரி எழுதினார்கள்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். டியூட்டி பூஜ்யமாயிற்று. அதற்கு மேல் அந்தத் தீர்ப்பில் ஒன்றும் இல்லை. சரக்கு எந்தத் தலைப்பில் வரும் என்பது ஒரு கேள்வி. 600 டாலர் பெறுமா என்பது வேறு. செய்தவனுக்குக் கை வருமா என்பது இன்னொன்று. நீங்கள் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஆணி அடித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

பிப்ரவரி 3, காலை

"அந்தப் பறவையை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தேன்" என்று தனியாக ஒருவருக்கு எழுதிவிட்டேன். தப்பு. பிரான்குசி இதே பறவையை வெண்கலத்திலும் பளிங்கிலும் பத்துக்கும் மேற்பட்ட தடவை செய்திருக்கிறார். நான் பார்த்தது 1928 என்று தேதியிட்டது. 1926 கப்பலில் எப்படி வந்திருக்கும்? இன்வாய்ஸ் தேதியைப் பார்க்காமல் சரக்கை அடையாளம் சொல்லிவிட்டேன். வெளியில் சொல்லாதீர்கள், லைசென்ஸ் போய்விடும்.

பிப்ரவரி 4

"வரையத் தெரியாதவன்" என்று நீங்கள் திரும்பவும் எழுதியிருப்பதால் இது.

உருகும் கடிகாரம் ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி 1931இல் வரைந்தது. 2017இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றேன். முதலில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சுவரளவு இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன், இருந்தது 24க்கு 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சுற்றி இருபது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடைவெளியில் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு எறும்பும் துல்லியம். பின்னால் தெரிகிற பாறைகள் அவர் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைப் பாறைகள், மாலை வெளிச்சத்தோடு அப்படியே இருக்கின்றன. வேலை தெரியாதவன் கை இல்லை அது.

என் புகார் நேர் எதிர். அந்த ஆளுக்குக் கை ரொம்ப வரும், அதுதான் சந்தேகம் தருகிறது. கனவு இவ்வளவு சுத்தமாகவா வரும்? எனக்கு வருகிற கனவெல்லாம் பாதி அழிந்த கார்பன் காப்பி மாதிரி இருக்கும். இவருடையது வார்னிஷ் போட்டு வருகிறது. மனத்தின் கட்டுப்பாடே இல்லாமல் எழுத வேண்டும், வரைய வேண்டும் என்று ஆந்த்ரே பிரெத்தோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1924இல் பாரிஸில் அறிக்கை விட்டுத்தான் சர்ரியலிசத்தைத் தொடங்கினார். டாலி ஓவியத்தில் கட்டுப்பாட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பிரெத்தோனே பிற்பாடு கடுப்பாகி, சால்வடார் டாலி என்ற எழுத்துகளையே மாற்றிப்போட்டு 'அவிடா டாலர்ஸ்' என்று பட்டம் கட்டினார். டாலருக்கு அலைகிறவர் என்று அர்த்தம் வரும்.

அது வெறும் வசையும் இல்லை. 1974இல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள குட்டி நாடான அந்தோராவின் எல்லையில் பிரெஞ்சு சுங்கக்காரர்கள் ஒரு வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே 40,000 வெள்ளைத் தாள்கள். எல்லாவற்றிலும் கீழே டாலியின் கையெழுத்து, மேலே ஒன்றும் இல்லை! படத்தை யார் வேண்டுமானாலும் பிற்பாடு அச்சடித்துக்கொள்ளலாம். நான் அந்த எல்லையில் டியூட்டியில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று ராத்திரி யோசித்தேன். வெற்றுத்தாள் என்று போட்டால் வெற்றுத்தாள். கையெழுத்துப் போட்ட தாள் என்று போட்டால் அதுவும் சரி. கலைப்பொருள் என்று போட்டால்? இன்னும் ஆகவில்லை. ஒருவேளை அந்த வண்டிதான் அவர் செய்த ஆகப்பெரிய சர்ரியலிச வேலை.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

கடைசி வரி சும்மா விளையாட்டுக்கு. மோசடி மோசடிதான்.

பிப்ரவரி 9

டாலிக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, அதுவும் சரக்குப் போக்குவரத்து வழியாக. 1967இல் ஏர் இந்தியா தன் முக்கியப் பயணிகளுக்குக் கொடுக்க ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரச் சொல்லி அவரைக் கேட்டது. செய்து கொடுத்தார். கூலியாகப் பணம் வேண்டாம், யானைக்குட்டி வேண்டும் என்றார். பெங்களூரிலிருந்து ஒரு குட்டியை விமானம் ஏற்றி, ஐரோப்பாவில் இறக்கி, அவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சாம்பல் கிண்ணத்துக்கு மாற்றாக உயிருள்ள யானை. இன்வாய்ஸ் மதிப்பு எவ்வளவு போட்டிருப்பார்கள்? எந்தப் புண்ணியவான் அந்தக் காகிதத்தைத் தயார் செய்தாரோ, அவர் காலில் விழுந்து கேட்க ஆசை.

கிண்ணத்தில் விஷயமும் இருக்கிறது. சங்கு மாதிரி ஒரு கிண்ணம், அதைத் தாங்கி நிற்பது அன்னமும் யானைத் தலையும். தலைகீழாகத் திருப்பினால் அன்னம் யானையாகும், யானை அன்னமாகும். ஒரே கோடு, இரண்டு பிராணி. 1937இலேயே ஏரியில் நிற்கிற அன்னங்களின் பிம்பம் யானைகளாகத் தெரிகிற மாதிரி ஓர் ஓவியம் வரைந்திருக்கிறார்.

கும்பகோணத்துக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ஒரே தலைக்கு இரண்டு உடம்பாக, இந்தப் பக்கம் பார்த்தால் காளை, அந்தப் பக்கம் பார்த்தால் யானை என்று ஒரு சிறிய சிற்பம் இருக்கிறது. ரிஷப குஞ்சரம். டாலிக்கு எண்ணூறு வருஷம் முந்தியது. அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. யாளியையும் சொல்வதில்லை. சிங்க உடம்பில் தும்பிக்கை வைத்தால் கும்பிடுகிறோம், கடிகாரத்தை வளைத்தால் அடிக்க வருகிறோம்.

பிப்ரவரி 11

மேலே எழுதியதில் கடைசி இரண்டு வரிக்கு நிறையப் பேர் கைதட்டியிருக்கிறீர்கள். அதனாலேயே சந்தேகம் வந்து மறுபடி படித்தேன். வாபஸ்.

யாளி செய்த ஸ்தபதி தன் கனவைச் செதுக்கவில்லை. அவருக்கு அளவு உண்டு, மரபு உண்டு, தூணில் அது எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. பார்க்க வருகிறவருக்கும் யாளி யார் என்று தெரியும். ஊர் மொத்தமும் சேர்ந்து பேசுகிற மொழி அது. டாலியோ, இன்னொரு சர்ரியலிச ஓவியரான மேக்ஸ் எர்ன்ஸ்டோ தனி ஆளாக ஒரு மொழியைச் செய்துகொண்டு, நீயும் இதில் பேசு என்கிறார்கள். "புரியவில்லை" என்று சொல்கிறவர் மேல் தப்பில்லை, அகராதியே வரைந்தவரிடம்தான் இருக்கிறது. உங்கள் எரிச்சலில் இந்தப் பகுதி நியாயமானது. அன்றைக்கு உங்களை மடக்க நினைத்து இதை மறைத்துவிட்டேன்.

ரிஷப குஞ்சரம் மட்டும் வாபஸ் இல்லை. அது விளையாட்டு. செதுக்கியவர் சிரித்துக்கொண்டே செதுக்கியிருக்கிறார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொந்தக் கதை ஒன்று. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஊரும் ஆளும் வேண்டாம்.

மூன்று மரப்பெட்டிகள் வந்தன. திறந்தால் துருப்பிடித்த இரும்பு, வெல்டிங் செய்தது. நான் யோசிக்கவே இல்லை. 7326, இரும்பாலான இதர பொருட்கள் என்று போட்டுப் பேப்பரைக் கொடுத்துவிட்டேன். பரிசோதிக்க வந்தவர் ஓர் அம்மா, பணியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. இன்வாய்ஸைப் பார்த்தார். அதில் மூன்று சரக்குக்கும் நேரே 'தலைப்பிடாதது 1, 2, 3' என்று இருந்தது.

"போல்ட்டுக்கும் நட்டுக்கும் தலைப்பிடாததுன்னு யாராவது எழுதுவாங்களா சார்?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதோடு விடாமல், ஆட்களைக் கூப்பிட்டு ஒன்றை நிமிர்த்தி நிற்க வைக்கச் சொன்னார். படுத்துக் கிடந்தபோது பழைய இரும்புக் கடைச் சாமான். நின்றதும் வேறாகிவிட்டது. சுமை தூக்குகிற ஒருவர், "யாரோ இடுப்புலேர்ந்து குடத்தை இறக்குற மாதிரி இருக்கு" என்றார். அவர் பக்கத்தில் நின்றவர், "போடா, கிரேன் கொக்கி அது" என்றார். எனக்கு இரண்டும் தெரிந்தது. ஒன்றைப் பார்க்கும்போது மற்றது ஒளிந்துகொள்ளும், மறுபடி வரும். அரை நிமிஷம் ஷெட்டில் யாரும் பேசவில்லை.

9703, அசல் சிற்பங்கள் என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 15, இரவு

படித்துப் பார்த்தால் நான் அன்றைக்கே மனம் திருந்திய மாதிரி இருக்கிறது. அந்த அரை நிமிஷத்தில் பாதி நேரம் டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்டும் தண்டம்) எவ்வளவு ஏறும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் மேலே எழுதினேன்.

பிப்ரவரி 18

"ஒரு கமிட்டி வைத்து, மக்கள் பணத்தில் இந்தக் குப்பைகளை வாங்குவதைத் தடுக்க வேண்டும்" என்று ஒருவர். இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1937இல் மியூனிக்கில் நாஜிகள், ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புகளை 'சீரழிந்த கலை' என்று பெயர் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். கோணல்மாணலாக நெருக்கி மாட்டி, சுவரில் கிண்டல் வாசகம் எழுதி, சில படங்களின் பக்கத்தில் வாங்கிய விலையையும் எழுதி, உழைப்பவர் வரிப்பணம் எப்படிப் போயிற்று பாருங்கள் என்றார்கள். பல விலைகள் 1920களின் பணவீக்கக் காலத்து விலைகள். ரொட்டி வாங்கக் கட்டுக்கட்டாக நோட்டு கொண்டுபோன காலம் அது. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்தாலே ஆத்திரம் வரும், வரத்தான் எழுதினார்கள். மியூனிக்கில் மட்டும் 20 லட்சம் பேர் பார்த்தார்கள். பக்கத்திலேயே அரசு ஒப்புதல் பெற்ற 'நல்ல' கலைக்கு ஒரு கண்காட்சி, அங்கே கூட்டம் அதைவிட ரொம்பக் குறைவு.

1939இல் அதே அரசு அந்தக் 'குப்பை'யில் தேர்ந்தெடுத்ததை ஸ்விட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ஏலம் விட்டு அந்நியச் செலாவணி பார்த்தது. உள்ளூரில் கழிவு, ஏற்றுமதிக்கு முதல் தரம்! எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

நண்பரை நாஜி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 62 லட்சம் டாலர் என்ற எண்ணும் அந்தச் சுவர் வேலையைத்தான் செய்கிறது என்கிறேன். எண்ணைப் படித்தவுடன் படம் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

பிப்ரவரி 18, பின்னொட்டு

சரி, வாழைப்பழம். மௌரீசியோ காட்டெலான் செய்தது. 2019இல் மயாமியில் 1,20,000 டாலர் விலை சொன்னார்கள். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் போன பழம் 35 சென்ட்டுக்குத் தெருக்கடையில் வாங்கியது, எடுத்தவர் அதைத் தின்றும்விட்டார். பழம் 0803. அவர் வாங்கியது பழத்தையா? சான்றிதழையும் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பையும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவை சிரிப்பதற்கு மேல் அதில் சரக்கு இல்லை. மூன்று கேள்வி என்றேனே, அதில் இது முதல் கேள்வியில் பாஸ், மீதி இரண்டில் ஃபெயில்.

பிப்ரவரி 23

மாக்ரித்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். பத்திரமாக வைத்திருந்தேன்.

1929 வாக்கில் பெல்ஜியக்காரர் ரெனே மாக்ரித் புகையிலைக் குழாய் ஒன்றை, கடைப் பலகையில் வரைவது போல, வரைந்து கீழே 'இது சுங்கான் அல்ல' என்று பிரெஞ்சில் எழுதினார். சுங்கானும் சுங்கமும் தமிழில் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் இன்னொன்று வரைந்திருப்பார்.

நாள் முழுக்கப் பொருளைப் பார்க்காமல் பொருளின் விவரணையைப் பார்க்கிறவன் நான். கன்டெய்னரில் இருப்பது வேறு, காகிதத்தில் இருப்பது வேறு, இரண்டும் ஒன்று என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தப் படத்தைப் புத்தகத்தில் பார்த்தபோது யாரோ என் மேஜைக்கு வந்து டிராயரைத் திறந்த மாதிரி இருந்தது. டாலி வியக்க வைத்தார், வீட்டுக்கு வந்ததும் போய்விட்டார். இவர் போகவில்லை. வால்பேப்பரும் விளம்பரமும் வரைந்து சம்பாதித்த மனுஷன், கோட்டு தொப்பி போட்டுக்கொண்டு குமாஸ்தா மாதிரி இருப்பார். தூரிகை வேலையில் ஜாலம் ஒன்றும் கிடையாது. கை வித்தை குறைந்தவர்தான் எனக்கு ஒட்டினார் என்பது பிப்ரவரி 4இல் டாலியின் கையைக் காட்டி நான் உங்களுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் ஆட்டுகிறது. ஆடட்டும்.

மார்ச் 1

பிரான்குசி வழக்கோடு சுங்கக்காரர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். டான் ஃப்ளேவின் என்பவர் சாதாரண டியூப் லைட்களை வைத்துச் சிற்பம் செய்வார். 2006இல் ஒரு லண்டன் கேலரி இறக்குமதி செய்த அவருடைய படைப்பு கலையா, விளக்கா என்று தகராறு. கலை என்றால் 5 சதவீத வாட், விளக்கு என்றால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 2008இல் பிரிட்டிஷ் தீர்ப்பாயம் கலை என்றது. 2010இல் ஐரோப்பிய ஆணையம் அதைப் புரட்டிப்போட்டுச் சுவர் விளக்கு என்றது. காரணம் படித்துப் பாருங்கள், சர்ரியலிசமே தோற்றது: விளக்குச் சாதனம் கலை இல்லையாம், அதிலிருந்து வருகிற வெளிச்சம்தான் கலையாம். வெளிச்சத்தை எந்தப் பெட்டியில் போட்டு இறக்குமதி செய்வது?

மார்ச் 3

"நம்ம ஊர் ஆட்களை மறந்துவிட்டீர்கள்." மறக்கவில்லை. எனக்கு மாடர்ன் ஆர்ட் என்று முதலில் கண்ணில் பட்டதே ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள்தான், பத்திரிகையில். அப்புறம் சென்னைப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. தூரத்திலிருந்து ஜாதகக் கட்டம், கிட்டே போனால் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. என் அலுவலகப் பையனிடம் காட்டினேன். "நம்ம பில் ஆஃப் என்ட்ரி மாதிரியே இருக்கு சார், ஒண்ணுமே படிக்க முடியலை" என்றான். இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

மார்ச் 15

தாராசுரம் போய்விட்டு வந்தேன், இந்த விவாதத்தின் புண்ணியம். பேத்தியும் வந்தாள். அந்தச் சிற்பம் நான் நினைத்ததைவிடச் சின்னது, டாலி படம் மாதிரியே. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்துப் பார்க்கச் சொன்னேன். மாடு என்றாள். அடுத்த பக்கத்தை மறைத்தேன். யானை என்றாள். கையை எடுத்தேன்.

"இப்ப என்னன்னு எழுதுவீங்க தாத்தா?" என்றாள், என் வேலை தெரிந்த பிள்ளை.

இரண்டு பெயரும் போட்டால் சிஸ்டம் ஏற்காது என்றேன். அவள் திரும்பத் திரும்ப மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் கும்பகோணம் பஸ் போய்விட்டது. அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.